வீட்டுக் கணினி: பாதுகாப்பும் பராமரிப்பும்

வீட்டுக் கணினிக்குக் கேடு நான்கு வழிகளில் வருகிறது: பழுதாகும் வட்டு, புதுப்பிக்கப்படாத மென்பொருளின் ஓட்டை, பயன்படுத்துபவரை ஏமாற்றும் செய்தி, மின்சாரமும் தூசியும் செய்யும் சேதம். கணினி கெட்டால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். அதில் இருந்த குடும்பப் படங்களும், பத்திர நகல்களும், பல ஆண்டு எழுத்தும் போனால் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆகவே வேலைகளின் வரிசை முக்கியம்: முதலில் காப்புப் பிரதி, அடுத்து அப்டேட், பிறகு கணக்கும் கடவுச்சொல்லும், அதன் பின் மற்றவை.

இங்கே சொல்லப்படும் படிகள் விண்டோஸ் 11 உள்ள கணினிக்கானவை. பெரும்பாலான வீடுகளில் விண்டோஸ் ஆங்கிலத்தில் இருப்பதால், மெனுப் பெயர்கள் திரையில் தெரியும் ஆங்கில ஒலிப்பிலேயே தரப்பட்டுள்ளன.

1. காப்புப் பிரதி எடுத்தல்

காப்புப் பிரதிக்கு உலகெங்கும் பின்பற்றப்படும் விதி 3-2-1. எந்த முக்கியக் கோப்புக்கும் 3 பிரதிகள், அவை 2 வகைச் சாதனங்களில், அவற்றில் 1 வீட்டுக்கு வெளியே. கணினியில் ஒன்று, வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இணையச் சேமிப்பிலோ உறவினர் வீட்டில் வைத்த இன்னொரு டிஸ்க்கிலோ ஒன்று என்று இருந்தால் விதி நிறைவேறிவிடும். தீ, திருட்டு, வெள்ளம் ஆகியவை கணினியையும் அதன் அருகில் இருக்கும் டிஸ்க்கையும் ஒன்றாகக் கொண்டுபோகும். மூன்றாவது பிரதி அதற்காகத்தான்.

செய்முறை:

1. எவை முக்கியம் என்று ஒரு தாளில் எழுதவும். படங்கள், வீடியோக்கள், சான்றிதழ்கள், பட்டா, பத்திரம் ஆகியவற்றின் ஸ்கேன், வருமான வரிக் கோப்புகள், கணக்கு மென்பொருளின் தரவு, உலாவியின் புக்மார்க்குகள் ஆகியவை பொதுவாக இதில் வரும்.
2. இவற்றை ஒரே தாய்க் கோப்புறையின் கீழ் கொண்டுவரவும். டெஸ்க்டாப்பில் பாதி, டவுன்லோட்ஸில் பாதி என்று சிதறிக் கிடந்தால் ஏதாவது ஒன்று விடுபடும்.
3. கணினியின் வட்டைப்போல் இரு மடங்கு கொள்ளளவு உள்ள வெளிப்புற டிஸ்க் ஒன்றை வாங்கி, அதை இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஒதுக்கவும்.
4. கன்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரியைத் திறந்து, அந்த டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, டர்ன் ஆன் அழுத்தவும். தாய்க் கோப்புறை அதன் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கவும். மாறிய கோப்புகளின் பழைய வடிவங்களையும் இது சேர்த்து வைக்கும்.
5. பிரதி முடிந்ததும் டிஸ்க்கை எஜெக்ட் செய்து, கழற்றி, அலமாரியில் வைக்கவும்.
6. ஏதாவது இரண்டு கோப்புகளை டிஸ்க்கிலிருந்து மீட்டுத் திறந்து பார்க்கவும். மீட்டுப் பார்க்காத பிரதியைப் பிரதி என்று நம்பக் கூடாது.

வழக்கமான தவறுகள் இரண்டு. முதலாவது, டிஸ்க்கை எப்போதும் செருகியே வைத்திருப்பது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் நுழைந்தால், செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். இரண்டாவது, ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்றவற்றின் ஒத்திசைவையே காப்புப் பிரதி என்று எண்ணுவது. ஒத்திசைவில் ஓரிடத்தில் அழித்தது மற்ற இடத்திலும் அழிந்துவிடும். குப்பைத் தொட்டியில் குறிப்பிட்ட நாள்களே இருக்கும். அது கூடுதல் வசதிதான், ஒரே நம்பிக்கையாக இருக்கக் கூடாது.

குறிப்பு: பல புதிய மடிக்கணினிகளில் வட்டு தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். மதர்போர்டு மாற்றம், பயாஸ் மாற்றம் போன்ற சமயங்களில் கணினி 48 இலக்க பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்கலாம். அது இல்லையென்றால் வட்டில் உள்ளதை யாராலும் திறக்க முடியாது. சாவி பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். இப்போதே அதைக் கண்டுபிடித்து, அச்சிட்டு, வீட்டுப் பத்திரங்களுடன் வைப்பது நல்லது.

2. அப்டேட்

2017 மே மாதம் வான்னாக்ரை என்னும் ரேன்சம்வேர் சில நாள்களில் உலகம் முழுவதும் லட்சக்கணக்கான கணினிகளை முடக்கியது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதை நிறுவிய கணினிகளில் அந்த ஓட்டை இல்லை. அப்டேட்டைத் தள்ளிப்போடுவதன் விலை இதுதான்.

மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு அப்டேட்டுகளை வெளியிடுகிறது. இந்திய நேரப்படி அவை செவ்வாய் இரவிலோ புதன் காலையிலோ வந்து சேரும்.

செய்முறை:

1. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்து, செக் ஃபார் அப்டேட்ஸ் அழுத்தவும்.
2. சி டிரைவில் குறைந்தது 20 ஜிபி காலியிடம் இருக்கிறதா என்று பார்க்கவும். இடம் போதாமல் பெரிய அப்டேட்டுகள் பாதியில் நின்றுபோவது அடிக்கடி நடப்பது.
3. ஆக்டிவ் ஹவர்ஸ் பகுதியில் வேலை நேரத்தைக் குறிக்கவும். அந்த நேரத்தில் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகாது.
4. அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில், மற்ற மைக்ரோசாஃப்ட் மென்பொருள்களுக்கும் அப்டேட் பெறும் தேர்வை இயக்கவும்.
5. உலாவி, பிடிஎஃப் படிப்பான், ஜிப் மென்பொருள் ஆகியவற்றையும் அவற்றின் சொந்த மெனு வழியாக அப்டேட் செய்யவும்.
6. எல்லாம் முடிந்ததும் ரீஸ்டார்ட் கொடுக்கவும். விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்தால் பல கணினிகளில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக உள்ளமைப்பு முழுதாக நின்று தொடங்குவதில்லை. ரீஸ்டார்ட்தான் முழுத் தொடக்கம்.

எச்சரிக்கை: அப்டேட் ஓடும்போது மின்சாரத்தை நிறுத்தக் கூடாது. மடிக்கணினி சார்ஜரிலும், மேசைக் கணினி யுபிஎஸ்ஸிலும் இருக்க வேண்டும். இணையப் பக்கங்களில் திடீரென்று முளைக்கும் 'உடனே அப்டேட் செய்க' பெட்டிகளை நம்பக் கூடாது. உண்மையான அப்டேட் செட்டிங்ஸ் வழியாகவோ அந்தந்த மென்பொருளின் மெனு வழியாகவோ மட்டுமே வரும். எல்லா டிரைவரையும் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களும் வேண்டியதில்லை.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அந்தக் கணினி தொடர்ந்து ஓடும். ஆனால் புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைக்கும் வழக்கமான அப்டேட் இனி வராது. டிபிஎம் 2.0, செக்யூர் பூட், 4 ஜிபி ரேம், 64 ஜிபி வட்டு ஆகியவற்றோடு பட்டியலில் உள்ள ப்ராசசரும் இருந்தால் விண்டோஸ் 11க்கு மாறலாம். மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் மென்பொருள் இதைச் சோதித்துச் சொல்லும். தகுதி பெறாத கணினியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் பழைய கணினியிலும் நன்றாக ஓடும், தொடர்ந்து அப்டேட்டும் பெறும். நிறுவும் முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, பிரிண்டரும் வைஃபையும் வேலை செய்கின்றனவா என்று தெரிந்துகொள்ளலாம்.

3. பயனர் கணக்குகள்

விண்டோஸில் முதலில் உருவாகும் கணக்கு நிர்வாகிக் கணக்கு. அதில் இருந்தபடி தவறான கோப்பு ஒன்றைத் திறந்தால், அந்தக் கோப்புக்கும் நிர்வாகியின் அதிகாரத்தைப் பெறும் வாய்ப்பு வந்துவிடுகிறது. அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கு போதும்.

1. செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று சென்று புதிய கணக்கு ஒன்றைச் சேர்க்கவும்.
2. அதன் வகையை அட்மினிஸ்ட்ரேட்டர் என்று மாற்றி, வலுவான கடவுச்சொல் இடவும்.
3. அந்தப் புதிய கணக்கில் நுழைந்து பார்த்து, கடவுச்சொல் வேலை செய்வதை உறுதி செய்யவும்.
4. பிறகு, அன்றாடம் பயன்படும் பழைய கணக்கை ஸ்டாண்டர்டு யூசர் என்று மாற்றவும்.
5. பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு உருவாக்கவும். அவர்கள் விளையாட்டு என்று நினைத்து நிறுவுவது, பெற்றோர் வங்கி வேலை செய்யும் கணக்கைத் தொடாது.

மூன்றாவது படியைத் தாண்டி நான்காவதுக்குப் போகக் கூடாது. புதிய நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் தெரியாமல் பழையதை மாற்றிவிட்டால், பிறகு எதையும் நிறுவ முடியாமல் போகும்.

இப்படி அமைத்த பிறகு, மென்பொருள் நிறுவும் ஒவ்வொரு முறையும் நிர்வாகிக் கடவுச்சொல் கேட்கப்படும். யாரும் எதையும் நிறுவாத நேரத்தில் அந்தப் பெட்டி வந்தால் அது எச்சரிக்கை. நோ அழுத்திவிட்டு ஐந்தாம் பகுதியில் சொல்லப்படும் சோதனையைச் செய்ய வேண்டும்.

4. கடவுச்சொல்லும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும்

கடவுச்சொல்லின் வலிமை அதன் நீளத்தில் இருக்கிறது. பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்த எட்டு எழுத்தைக் கருவிகள் விரைவில் கண்டுபிடித்துவிடும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தொடுத்தால் நீளமும் கிடைக்கும், நினைவிலும் நிற்கும். பழமொழியோ பாட்டு வரியோ கூடாது. அவை ஊகிக்கக் கூடியவை. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட், கடவுச்சொல்லைக் காரணமின்றி அடிக்கடி மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று 2017 இலேயே வழிகாட்டியது. அப்படி மாற்றச் சொன்னால் கடைசி எண்ணை மட்டும் மாற்றுவதுதான் மனித இயல்பு. கசிந்தது என்று தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும்.

1. மின்னஞ்சல் கடவுச்சொல்லிலிருந்து தொடங்கவும். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்புகள் அங்கேதான் வருகின்றன. மின்னஞ்சல் பறிபோனால் எல்லாமே பறிபோகும்.
2. மின்னஞ்சல், வங்கி, மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு கடவுச்சொல் வைக்கவும்.
3. மீதிக் கணக்குகளுக்குப் பிட்வார்டன், கீபாஸ்எக்ஸ்சி போன்ற கடவுச்சொல் மேலாளர் ஒன்றைப் பயன்படுத்தவும். நினைவில் வைக்க வேண்டியது அதன் தலைமைக் கடவுச்சொல் மட்டுமே.
4. மின்னஞ்சலில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கவும். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியைவிட ஆதென்டிகேட்டர் செயலியோ பாஸ்கீயோ மேலானது. சிம் கார்டை மோசடியாக மாற்றி வாங்குபவருக்கு எஸ்எம்எஸ் போய்ச்சேரும். செயலியின் எண் போகாது.
5. அப்போது தரப்படும் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டுப் பத்திரப்படுத்தவும். போன் தொலைந்த நாளில் அவைதான் வழி.

பொதுவான தவறு: டெஸ்க்டாப்பில் ஒரு நோட்பேட் கோப்பில் எல்லாக் கடவுச்சொல்லையும் எழுதி வைப்பது. மேலாளர் மென்பொருள் பிடிக்காதவர்கள் வீட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பூட்டி வைப்பது அதைவிடப் பாதுகாப்பானது. இணையத் திருடனுக்குப் பீரோவின் சாவி கிடைக்காது.

5. வைரஸ் தடுப்பு

விண்டோஸுடனேயே வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் வீட்டுப் பயன்பாட்டுக்குப் போதுமானது. அதற்கு மேல் கட்டண மென்பொருள் வாங்குவதானால் ஒன்று மட்டும் போதும். நிகழ்நேரக் காவல் செய்யும் இரண்டு மென்பொருள்கள் ஒரே கணினியில் இருந்தால் ஒன்றையொன்று தடுத்து, வேகத்தையும் பாதுகாப்பையும் கெடுக்கும்.

1. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, எல்லாப் பகுதிகளிலும் பச்சைக் குறி இருக்கிறதா என்று பார்க்கவும்.
2. ரியல்-டைம் ப்ரொடெக்‌ஷன், டேம்பர் ப்ரொடெக்‌ஷன் இரண்டும் ஆன் நிலையில் இருக்க வேண்டும்.
3. ஃபயர்வாலின் மூன்று பிரிவுகளும் ஆன் நிலையில் இருக்க வேண்டும்.
4. ரேன்சம்வேர் ப்ரொடெக்‌ஷனில் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்செஸ் என்பதை இயக்கவும். இது பொதுவாக ஆஃப் நிலையில் இருக்கும். இயக்கியபின் ஏதாவது நம்பகமான மென்பொருள் கோப்பைச் சேமிக்க மறுத்தால், அதை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேர்க்கவும்.
5. மாதம் ஒருமுறை ஃபுல் ஸ்கேன் ஓட்டவும். சந்தேகம் இருந்தால் ஆஃப்லைன் ஸ்கேன் தேர்வு செய்யவும். அது விண்டோஸ் தொடங்கும் முன்பே சோதிப்பதால், ஒளிந்திருப்பவையும் பிடிபடும்.

கணினி விற்பவர் இலவசமாகப் போட்டுத்தரும் திருட்டு விண்டோஸும் 'கிராக்' செய்த மென்பொருளும்தான் வீடுகளுக்குள் தீங்கு நுழையும் பெரிய வாசல். அவற்றை நிறுவ முதலில் வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்வார்கள். காவலை நிறுத்தினால்தான் நுழைய முடியும் என்று சொல்லும் எதையும் நுழைய விடக் கூடாது. ஆவணங்களுக்கு லிப்ரேஆபிஸ், படங்களுக்கு ஜிம்ப், வீடியோவுக்கு விஎல்சி என்று இலவசமாகவும் சட்டப்படியும் கிடைப்பவை பல. தமிழ்த் தட்டச்சுக்குத் தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது.

6. உலாவி, மின்னஞ்சல், பென் டிரைவ்

*உலாவி.* தேவையில்லாத நீட்சிகளை நீக்கவும். நோட்டிஃபிகேஷன் அனுமதிப் பட்டியலைத் திறந்து, தெரியாத தளங்களை அகற்றவும். திரை மூலையில் ஓயாமல் வரும் 'வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது' அறிவிப்புகள் பெரும்பாலும் இப்படி ஏதோ ஒரு தளத்துக்கு அலவ் கொடுத்ததன் விளைவு. திரை முழுவதும் எச்சரிக்கை வந்து உலாவியை மூட முடியாமல் போனால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, உலாவியைத் தேர்ந்தெடுத்து எண்ட் டாஸ்க் கொடுக்கவும். திரையில் காட்டப்படும் எண்ணை அழைக்கவே கூடாது.

*போலி சரிபார்ப்பு.* 'ரோபோ அல்ல என்று நிரூபிக்க விண்டோஸ் விசையும் ஆர் விசையும் அழுத்தி, பேஸ்ட் செய்து, என்டர் தட்டவும்' என்று சில பக்கங்கள் கேட்கும். அப்படிச் செய்தால் அந்தப் பக்கம் முன்கூட்டியே நகலெடுத்து வைத்த கட்டளை கணினியில் ஓடி, கடவுச்சொற்களைத் திருடும் நிரல் நிறுவப்படும். உண்மையான சரிபார்ப்பு எதுவும் உலாவிக்கு வெளியே வேலை சொல்லாது.

*மின்னஞ்சல்.* வங்கி, மின்வாரியம், கூரியர், வருமான வரித்துறை ஆகிய பெயர்களில் அவசரப்படுத்தும் செய்தி வந்தால், அதில் உள்ள இணைப்பைத் தொடாமல், உலாவியில் தளத்தின் முகவரியைத் தானே தட்டிச் சென்று பார்க்க வேண்டும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை இயக்கி வைத்தால் கோப்பின் முழுப்பெயர் தெரியும். பில் என்ற பெயரில் வந்த கோப்பின் கடைசியில் 'எக்ஸி' என்று முடிந்தால் அது பில் அல்ல, நிரல்.

*தொலைவிலிருந்து இயக்கும் செயலி.* எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை நல்ல கருவிகள்தாம். ஆனால் தானாக அழைத்து அவற்றை நிறுவச் சொல்பவர் யாராக இருந்தாலும் மோசடிக்காரர். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை என்பதையும் வீட்டில் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும்.

*பென் டிரைவ்.* ஜெராக்ஸ் கடையிலோ ஸ்டுடியோவிலோ செருகிய பென் டிரைவ் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை ஸ்கேன்: அதன் மேல் வலது கிளிக் செய்து டிஃபெண்டர் ஸ்கேன் தேர்வு செய்யவும். கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் எதையும் இரட்டைக் கிளிக் செய்யக் கூடாது. பிரிண்ட் எடுக்கத் தனியாக ஒரு சிறிய பென் டிரைவ் வைத்துக்கொண்டு, அதில் அன்றைக்குத் தேவையான கோப்பை மட்டும் கொண்டுபோவது சிறந்த பழக்கம்.

7. ரௌட்டர்

2016 இல் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாத ரௌட்டர்களையும் கேமராக்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றி, பெரிய இணையத் தளங்களைத் தாக்கப் பயன்படுத்தியது. அவற்றின் சொந்தக்காரர்களுக்கு அது தெரியவே இல்லை.

1. ரௌட்டரின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் உள்ள முகவரியை உலாவியில் இடவும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும்.
2. நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றவும். இது வைஃபை கடவுச்சொல்லிலிருந்து வேறானது. பலர் வைஃபையை மட்டும் மாற்றிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.
3. வைஃபை பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 என்றோ, குறைந்தது டபிள்யூபிஏ2 என்றோ வைக்கவும்.
4. டபிள்யூபிஎஸ், ரிமோட் மேனேஜ்மென்ட் இரண்டையும் நிறுத்தவும்.
5. ஃபர்ம்வேர் அப்டேட் இருந்தால் நிறுவவும். இணைய நிறுவனம் தந்த ரௌட்டரானால் அவர்களிடமே கேட்கவும்.
6. விருந்தினர், டிவி, கேமரா ஆகியவற்றுக்குக் கெஸ்ட் நெட்வொர்க் ஒன்றைத் தனியாக அமைக்கவும்.

8. மின்சாரமும் தூசியும்

மேசைக் கணினியின் கேபினட்டைத் தொடும்போது மெல்லிய ஷாக் அடித்தால் எர்த் இணைப்பு சரியில்லை என்று பொருள். உடனே நிறுத்தி, எலெக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். மூன்று பின் உள்ள பிளக்கின் எர்த் பின்னை முறித்தோ, இரண்டு பின் அடாப்டர் போட்டோ பயன்படுத்தக் கூடாது.

யுபிஎஸ் வேலை தொடர்வதற்காக அல்ல, சேமித்துவிட்டு ஒழுங்காக நிறுத்துவதற்காக. கணினி, திரை, ரௌட்டர் மட்டுமே அதில் இருக்கலாம். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் செருகக் கூடாது. அது சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தை யுபிஎஸ் தாங்காது. சில ஆண்டுகளில் பேட்டரி தேய்ந்துவிடும். சேமிக்க நேரம் தராமல் யுபிஎஸ் அணைந்தால் பேட்டரி மாற்றும் காலம் வந்துவிட்டது. இடி, மின்னல் நேரத்தில் சுவிட்சை அணைப்பது போதாது. பிளக்கையே கழற்ற வேண்டும்; செம்புக் கம்பியில் வரும் டெலிபோன், கேபிள் இணைப்பையும் கழற்ற வேண்டும்.

மேசைக் கணினியைத் தூசி தட்டும் முறை:

1. ஷட் டவுன் செய்து, எல்லாக் கம்பிகளையும் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்கவும்.
2. முகக்கவசம் அணிந்து, கேபினட்டை மாடிக்கோ வாசலுக்கோ கொண்டுபோய்ப் பக்கத் தகட்டைத் திறக்கவும்.
3. கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்னை இறக்கவும்.
4. விசிறியை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, சிறிது சிறிதாகக் காற்றடிக்கவும். பிடிக்காமல் அடித்தால் விசிறி வேகமாகச் சுழன்று கெடும்.
5. ப்ராசசரின் மேல் உள்ள ஹீட் சிங்க் இடுக்குகளை மென்மையான தூரிகையால் துடைக்கவும்.
6. மூடி, இணைத்து, எல்லா விசிறிகளும் சுழல்கின்றனவா என்று பார்க்கவும்.

எச்சரிக்கை: கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்னூட்டம் நிற்கும். ஈரத்துணியும் கூடாது. திரையைத் துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும். கண்ணாடி துடைக்கும் அமோனியா திரவம் மேற்பூச்சை அரிக்கும்.

மடிக்கணினியை மெத்தையிலோ தலையணையிலோ வைத்தால் காற்று வாய் அடைபடும். நாள் முழுதும் சார்ஜரிலேயே இருந்தால், உற்பத்தியாளரின் மென்பொருளில் சார்ஜ் வரம்பை 80 சதவீதமாக வைக்கவும். டச்பேட் மேலெழும்பினாலோ அடிப்பாகம் புடைத்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. அதை அழுத்தவோ குத்தவோ கூடாது. உடனே நிறுத்தி, சர்வீஸ் மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

குறிப்பு: கணினியைத் திறக்கும்போதெல்லாம் தேதியும் நேரமும் பின்னுக்குப் போனால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 நாணய பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தவறாக இருந்தால் வங்கித் தளங்கள்கூடப் பாதுகாப்பற்றவை என்று உலாவி எச்சரிக்கும். பேட்டரியை மாற்றி, தேதியைச் சரி செய்தால் அந்த எச்சரிக்கை நின்றுவிடும்.

9. வேகமும் வட்டின் நலமும்

1. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பக்கத்தைத் திறந்து, கணினி தொடங்கும்போதே ஓடத் தேவையில்லாதவற்றை டிசேபிள் செய்யவும். வைரஸ் தடுப்பையும் ஒலி, டச்பேட் டிரைவர்களையும் தொட வேண்டாம்.
2. செட்டிங்ஸ், ஆப்ஸ் பகுதியில் பயன்படாத மென்பொருள்களை நீக்கவும்.
3. செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் சென்று டெம்ப்ரரி ஃபைல்ஸை அழிக்கவும். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்ற தேர்வும் இருக்கும். அதில் டிக் இருந்தால் டவுன்லோட்ஸ் கோப்புறை முழுவதும் அழியும். டிக்கை எடுத்துவிட்டுத்தான் அழிக்க வேண்டும்.
4. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற கருவியால் வட்டின் நலத்தைப் பார்க்கவும். குட் தவிர வேறு எது வந்தாலும் அன்றே காப்புப் பிரதி எடுக்கவும்.

ஹார்ட் டிஸ்க் கெடும் முன் டிக் டிக் என்ற ஒலியோ நீண்ட தயக்கமோ தெரியலாம். எஸ்எஸ்டி பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி நின்றுவிடும். எஸ்எஸ்டியை டிஃப்ராக் மென்பொருள்களால் ஓட்டத் தேவையில்லை. விண்டோஸே அதற்குரிய முறையில் பராமரிக்கிறது. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களால் வேகம் கூடாது, சிக்கல் கூடும். ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கணினி உண்மையிலேயே வேகம் பெறச் சிறந்த செலவு, அதை எஸ்எஸ்டியாக மாற்றுவதுதான்.

10. ஆபத்து நேர்ந்தால்

பதற்றத்தில் படிகளின் வரிசை மாறிவிடும். ஆகவே இந்தப் பகுதியை அச்சிட்டுக் கணினி மேசையருகே ஒட்டிவைப்பது நல்லது.

1. இணையத்தைத் துண்டிக்கவும்: வைஃபையை நிறுத்தவும், லேன் கம்பியைக் கழற்றவும்.
2. வெளிப்புற டிஸ்க், பென் டிரைவ் இருந்தால் கழற்றவும். காப்புப் பிரதி உள்ள டிஸ்க்கை இந்தக் கணினியில் செருகவே கூடாது.
3. திரையில் தெரியும் செய்தியைப் போனில் படம் எடுக்கவும்.
4. பணம் போயிருந்தால் உடனே வங்கியை அழைத்து அட்டையையும் கணக்கையும் முடக்கச் சொல்லவும். அடுத்து 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகார் செய்யவும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறும் முன் தடுக்க, ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.
5. வேறொரு நல்ல கணினியிலோ போனிலோ மின்னஞ்சல் கடவுச்சொல்லை முதலில் மாற்றி, மற்ற எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் தேர்வைக் கொடுக்கவும். பிறகு வங்கி, மற்றவை. பாதிக்கப்பட்ட கணினியில் புதிய கடவுச்சொல்லைத் தட்டினால் அதுவும் திருடு போகும்.
6. கணினியில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டவும்.
7. சந்தேகம் தீரவில்லையென்றால், நல்ல கணினி ஒன்றில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு 8 ஜிபி பென் டிரைவில் நிறுவல் ஊடகம் தயாரித்து, வட்டை அழித்து, விண்டோஸைப் புதிதாக நிறுவவும். அதன் பிறகே காப்புப் பிரதியிலிருந்து கோப்புகளை மீட்கவும்.

ரேன்சம்வேர் கேட்கும் பணத்தைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தாலும் கோப்பு திரும்பும் என்ற உறுதி இல்லை. பூட்டப்பட்ட கோப்புகளை அழிக்காமல் தனி டிஸ்க்கில் வைத்திருக்கவும். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் மற்றவர்களும் 2016 இல் தொடங்கிய நோ மோர் ரேன்சம் தளத்தில் பல வகை ரேன்சம்வேருக்கு இலவசத் திறப்புக் கருவிகள் உண்டு. இன்று இல்லாத சாவி பின்னர் வெளிவரலாம்.

11. சர்வீஸுக்கும் விற்பனைக்கும் முன்

சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் காப்புப் பிரதி எடுத்து, உலாவிக் கணக்குகளிலிருந்து வெளியேற வேண்டும். பழுது திரையிலோ விசைப்பலகையிலோ மட்டும் என்றால் வட்டைக் கழற்றிக்கொண்டு கொடுக்கலாம். விற்கும் முன் செட்டிங்ஸில் ரீசெட் திஸ் பிசி, ரிமூவ் எவ்ரிதிங் தேர்ந்து, சேஞ்ச் செட்டிங்ஸில் க்ளீன் டேட்டா என்பதையும் இயக்க வேண்டும். வெறுமனே டெலீட் செய்த கோப்புகளை மீட்க எளிய மென்பொருள்கள் உண்டு. ஓடாத ஹார்ட் டிஸ்க்கைப் பழைய இரும்புக்குப் போடாமல், அதன் தட்டுகளைச் சேதப்படுத்திய பின் மின்கழிவு சேகரிப்பவரிடம் தர வேண்டும்.

12. கால அட்டவணை

- வாரந்தோறும்: டிஸ்க்கைச் செருகிக் காப்புப் பிரதி, முடிந்ததும் கழற்றல், ஒரு ரீஸ்டார்ட்.
- மாதந்தோறும், இரண்டாவது செவ்வாய் கழிந்த வார இறுதியில்: விண்டோஸ், உலாவி, பிற மென்பொருள் அப்டேட்; ஃபுல் ஸ்கேன்; தற்காலிகக் கோப்புகளை நீக்கல்.
- மூன்று மாதத்துக்கு ஒருமுறை: வட்டின் நலம், உலாவி நீட்சிகளும் அறிவிப்பு அனுமதிகளும், காப்புப் பிரதியிலிருந்து இரண்டு கோப்புகளை மீட்டுப் பார்த்தல், வீட்டுக்கு வெளியே உள்ள பிரதியைப் புதுப்பித்தல்.
- ஆறு மாதத்துக்கு ஒருமுறை: கோடை தொடங்கும் முன்பும் மழைக்காலம் தொடங்கும் முன்பும் தூசி தட்டல்; யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்ற சோதனை; ரௌட்டர் ஃபர்ம்வேர்.
- ஆண்டுக்கு ஒருமுறை: மீட்புக் குறியீடுகளும் பிட்லாக்கர் சாவியும் இருக்கும் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தல்; பயன்படாத பயனர் கணக்குகளை நீக்கல்; இயங்குதளத்தின் ஆதரவு எதுவரை என்று அறிதல்.